கதவைத் திறந்து வை... கலர் பென்சிலைக் கொடு!

ஒரு நிமிஷம்... உங்க நோட்டோட கடைசிப் பக்கத்தைத் திருப்புங்க. என்ன இருக்கு? லெக்சரர் கார்ட்டூன், யாரோ ஒரு ஹீரோயினின் கண்ணு, வேற யாரோ ஒருத்தரோட இனிஷியல், பேனா எழுதுதான்னு செக் பண்ணிச் சுத்தின வட்டம்... எல்லா காலேஜிலும் கடைசிப் பக்கம் ஒரே மாதிரிதான் பாஸ்!

என் ரூம்மேட்டோட கடைசிப் பக்கம் மட்டும் கொஞ்சம் வேற மாதிரி. அதுல படிக்கட்டு இருந்தது. வெறும் படிக்கட்டு. கீழே தரை இல்லை, மேலே வீடு இல்லை. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் நோட்டில் ஆரம்பிச்சு, மேத்ஸ் நோட்டுக்குத் தாவி, கடைசியில் ரெக்கார்டு நோட்டு வரைக்கும் ஏறிடுச்சு அந்தப் படிக்கட்டு. மூணு அரியர் விழுந்த செமஸ்டர் அது. மெஸ்ஸுக்கு வர்றதைக் குறைச்சுக்கிட்டான். கிரிக்கெட்டுக்குக் கூப்பிட்டா, "நீங்க போங்கடா." ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சுப் பார்த்தா, செல்போன் வெளிச்சத்தில் படி படியாக வரைஞ்சுட்டு இருப்பான்.

ஒருநாள் அந்த நோட்டைப் பிடுங்கி, "என்னடா இது, பேய் பங்களாவுக்கு பிளான் அப்ரூவலா?" என்று கேட்டேன். ரூமில் இருந்த நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவனும் சிரித்தான். நோட்டை வாங்கி மூடி வைத்தான். அதுக்கப்புறம் அவன் எங்க முன்னாடி வரையவே இல்லை.

ரெண்டு வாரத்தில் அவங்க அப்பா வந்து ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டார். உடம்பு சரியில்லை என்று லீவ் லெட்டர். எங்க எல்லாருக்கும் தெரியும், உடம்பு இல்லை என்று.

(அவன்கிட்ட கேட்டுட்டுத்தான் இதை எழுதுறேன். பேர் மட்டும் வேணாம்னான்.)

குற்ற உணர்ச்சியோ என்னமோ... உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். பேச வராத மனக்கஷ்டத்தைப் படமாகவும் களிமண்ணாகவும் வெளியே கொண்டுவர வைக்கிற ஒரு முறை இருக்கிறது, அதுக்கு ஆர்ட் தெரபி என்று பேர் என்று தெரிந்தது. ஒரு இடத்துக்கு போன் போட்டு விசாரித்தேன். ஒரு மணி நேரத்துக்கு 1,500 ரூபாய் என்றார்கள். வாரம் ஒரு தடவை வரணுமாம். நான் ரொம்ப மரியாதையாக, "யோசிச்சுட்டுச் சொல்றேன் மேடம்" என்று வைத்துவிட்டேன். அவங்க அப்பா லாரி ஷெட்டில் வேலை பார்க்கிறவர்.

மனசு கஷ்டப்படுறதுக்குக்கூட வசதி வேணுமா என்ற கடுப்பில் இன்னும் தேடியபோது மாட்டினார் அந்தப் பாட்டி. பிரேசில் நாட்டுக்காரர். பெயர், நீஸி ட சில்வேரா. காசு இல்லாதவர்களுக்கு, அதுவும் எல்லாராலும் கைவிடப்பட்டவர்களுக்கு, கலர் டப்பாவைத் திறந்து வைத்தவர்!

பட்டனை அழுத்த மாட்டேன்!

நீஸி பிறந்தது 1905-ல், பிரேசிலின் வடகிழக்கில் உள்ள மாசியோ நகரத்தில். மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தபோது அவங்க பேட்ச்சில் 157 பசங்க, ஒரே ஒரு பொண்ணு. (நம்ம மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட்டே பரவாயில்லை போலிருக்கே!) 1926-ல் டாக்டராகி, ரியோ டி ஜெனிரோவுக்கு வந்து மனநல மருத்துவம் பார்த்தார். 1936-ல் சிக்கல். மார்க்ஸியப் புத்தகங்கள் வைத்திருக்கிறார் என்று ஒரு நர்ஸ் போட்டுக்கொடுக்க, ஒரு வருஷத்துக்கும் மேல் ஜெயில். வெளியே வந்த பிறகும் அரசு வேலை இல்லை. 1944-ல்தான் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். ரியோவின் ஓரத்தில் இருந்த பெரிய அரசு மனநல மருத்துவமனைக்கு. அந்த ஏரியாவுக்குப் பெயர் எஞ்ஜென்யோ டி டென்ட்ரோ. எஞ்ஜென்யோ என்றால் சர்க்கரை ஆலை. நம்ம இன்ஜினீயர் என்கிற வார்த்தைக்கும் அதுக்கும் லத்தீனில் ஒரே வேர். சும்மா, ஒரு தகவலுக்கு.

எட்டு வருஷம் வெளியே இருந்துவிட்டு வந்தவருக்கு ஒரே அதிர்ச்சி. அந்த இடைவெளியில் மனநல மருத்துவத்தில் ‘மாடர்ன்’ சிகிச்சைகள் வந்திருந்தன. மின்சார ஷாக், இன்சுலின் கொடுத்து கோமாவில் தள்ளுவது, மூளையின் முன்பக்க இணைப்பை அறுக்கிற லோபாட்டமி. இன்னிக்கு மயக்க மருந்து கொடுத்து, முறையாகச் செய்கிற ஷாக் சிகிச்சை வேற. அன்னிக்கு இருந்தது வேற. ஒரு டாக்டர் அவருக்கு மெஷினைக் காட்டினார். ஒரு நோயாளியைப் படுக்க வைத்து பட்டனை அழுத்தினார். உடம்பு துள்ளியது. அடுத்த நோயாளி வந்தார். "இப்ப நீங்க அழுத்துங்க" என்றார். நீஸி சொன்னது ஒரே வார்த்தை... "அழுத்த மாட்டேன்."

சீனியர் சொல்லியும் கேட்காத ஜூனியரை என்ன செய்வார்கள்? எங்க காலேஜா இருந்தா லைப்ரரி டியூட்டி போடுவாங்க. அங்கே, யாருமே மதிக்காத தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவைக் கொடுத்தார்கள். அங்கே சிகிச்சை என்று நடந்துகொண்டிருந்தது, நோயாளிகளை வைத்துத் தரை கூட்டுவதும் துணி துவைப்பதும்தான். 1946 மே மாதம் நீஸி பொறுப்பேற்றார். துடைப்பத்தை வாங்கி ஓரமாக வைத்தார்.

இந்த இடத்தில் ஒரு பையன் வருகிறான். உங்க வயசுதான், 21. பெயர் அல்மிர் மவின்யேர். அதே மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டு, கிடைத்த நேரத்தில் ஓவியம் போடுகிறவன். டாக்டர் இல்லை, சைக்காலஜி படித்தவன் இல்லை. அவனும் நீஸியும் சேர்ந்து அந்த வருஷம் செப்டம்பரில் ஓவிய அறையைத் திறந்தார்கள். பேப்பர், பெயின்ட், தூரிகை, களிமண்... அவ்வளவுதான். ‘இதை வரை’ என்று சொல்லக் கூடாது. ‘சூப்பர்’ என்று தட்டிக்கொடுக்கவும் கூடாது. ‘இதுக்கு என்ன அர்த்தம்?’ என்று குடையவும் கூடாது. கூட இருக்கணும், அது மட்டும் போதும்.

கூட இருப்பவருக்கு நீஸி வைத்த பெயரைக் கேட்டால் ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரி ஞாபகம் வரும். கேட்டலிஸ்ட், அதாவது வினையூக்கி. அன்போடு பக்கத்தில் ஒருத்தர் இருந்தால், உள்ளே நின்றுபோன வினை மறுபடி ஓட ஆரம்பிக்கும். வினையூக்கி அதில் தானாக எதையும் திணிப்பதில்லை என்பது அவருடைய கணக்கு. எங்க ரூமில் அந்த நாலு பேரில் ஒருத்தன்கூட கேட்டலிஸ்ட் இல்லை. நான்தான் முதல் இன்ஹிபிட்டர்.

இன்ஜினீயர் ஆக நினைத்தவர்

அந்த அறைக்கு வந்தவர்களில் என்னைத் தூங்க விடாதவர் ஃபெர்னாண்டோ டினிஸ். ஏழை வீட்டுப் பிள்ளை, கறுப்பினத்தவர். அம்மா தையல் வேலை செய்பவர். பணக்கார வீடுகளுக்கு அம்மா வேலைக்குப் போகும்போது இவரும் கூடப் போய், அந்த வீடுகளை ஆன்னு பார்த்துக்கொண்டு நிற்பார். படிப்பில் கெட்டி. என்ன ஆகணும்னு ஆசை தெரியுமா? இன்ஜினீயர்! அம்மா வேலை பார்த்த வீட்டுப் பெண்ணோடு மனசுக்குள்ளேயே ஒரு காதல். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனது. இவர் படிப்பை விட்டார். ஆளே மாறிப்போனார். 1944-ல் கோபகபானா கடற்கரையில் துணியில்லாமல் குளித்தார் என்று பிடித்துப்போன போலீஸ், அவரை மனநல விடுதியில் சேர்த்தது. 1949-ல் எஞ்ஜென்யோவுக்கு வந்தார். தலையை நிமிர்த்தாமல், முணுமுணுப்பாகப் பேசுகிறவராக.

அவர் வரைந்தது என்ன தெரியுமா? வீட்டுச் சாமான்கள். முதலில் எல்லாம் தனித்தனியாக, ஒன்று மேல் ஒன்று குவிந்து, கலைந்து கிடந்தன. கொஞ்சம் கொஞ்சமாக நாற்காலி நாற்காலியானது, பியானோ பியானோவானது. தரை வந்தது. கடைசியில் ஒரு முழு வரவேற்பறை, அதன் அதன் இடத்தில் அது அது இருக்கும்படி. சின்ன வயசில் வாசலில் நின்று பார்த்த வீட்டை, ஒவ்வொரு சாமானாகத் தூக்கிவந்து தானே கட்டி முடித்த மாதிரி!

பிற்பாடு அதே ஃபெர்னாண்டோ, அனிமேஷன் படம் எடுக்கவே கற்றுக்கொண்டார். மார்க்கோஸ் மகல்யாயிஸ் என்ற அனிமேஷன் இயக்குநரோடு சேர்ந்து அவர் செய்த குறும்படம் 1996-ல் வெளிவந்தது. ஆனால், ‘அப்புறம் பூரணமாகக் குணமாகி, இன்ஜினீயரிங் முடித்தார்’ என்று நான் எழுத முடியாது. அப்படி நடக்கவில்லை. 1999-ல் இறக்கும்வரை அவர் வாழ்க்கை பெரும்பாலும் அந்த மருத்துவமனையைச் சுற்றியே ஓடியது.

இன்னொருவர் கதை இதைவிட மோசம். லூசியோ என்ற சிற்பி. அந்த அறையில் உட்கார்ந்து வீரர் வீரராகச் செய்து குவித்தவர். நீஸி எவ்வளவோ தடுத்தும் அவருக்கு லோபாட்டமி செய்தார்கள். அதுக்கு முன் செய்த சிலைகளும், பின் செய்தவையும் புகைப்படங்களாக இருக்கின்றன. பின்னால் செய்தவற்றில் முகம் என்று ஒன்று இல்லை. குழந்தை பிசைந்துபோட்ட களிமண் மாதிரி இருக்கின்றன. லோபாட்டமியைக் கண்டுபிடித்தவருக்கு 1949-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

அதே 1949-ல்தான் சாவ் பாவ்லோவின் நவீன கலை அருங்காட்சியகத்தில் எஞ்ஜென்யோவின் ஒன்பது பேரின் படங்கள் கண்காட்சியாக வைக்கப்பட்டன. ‘பைத்தியக்காரன் கிறுக்கினதெல்லாம் கலையா?’ என்று ஒரு கோஷ்டி, ‘இதுதான்யா கலை!’ என்று இன்னொரு கோஷ்டி. பத்திரிகைகளில் பெரிய சண்டை. 1952-ல் நீஸி மருத்துவமனைக்குள்ளேயே ஒரு மியூசியம் ஆரம்பித்தார். அங்கே சேர்ந்திருக்கும் படைப்புகள் மூணரை லட்சத்துக்கும் மேல். பல பேர் வட்ட வட்டமாக வரைவதைக் கவனித்த நீஸி, 1954-ல் அந்தப் படங்களின் போட்டோக்களோடு சுவிட்சர்லாந்தில் இருந்த யுங்குக்கு லெட்டர் போட்டார். ஆமா, சைக்காலஜி புக்கில் ஃப்ராய்டுக்கு அடுத்த பக்கத்தில் வருகிற அதே யுங்! 1957-ல் ஜூரிச்சில் நடந்த மனநல மாநாட்டில் இந்தப் படங்களின் கண்காட்சியைத் திறந்துவைத்தவரே அவர்தான்.

பனைமர வீடு

இவ்வளவு பெரிய பேர் கிடைத்தும் நீஸியை ஒரு விஷயம் அரித்தது. மருத்துவமனையை விட்டு ‘நல்லாயிட்டார்’ என்று அனுப்பிய ஆட்கள், கொஞ்ச நாளில் அதே கேட் வழியாகத் திரும்பி வந்துகொண்டே இருந்தார்கள். வெளியே வேலை இல்லை, வீட்டில் முகம் கொடுத்துப் பேச ஆளில்லை, தெருவில் ‘பைத்தியம்’ பட்டம். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு பாலம் இல்லை.

அந்தப் பாலம்தான் ‘காஸா தாஸ் பல்மேய்ராஸ்’. பனைமர வீடு என்று நம்ம பாஷையில் சொல்லிக்கலாம். 1956 டிசம்பர் 23-ம் தேதி, நீஸியும் சில நண்பர்களும் சேர்ந்து ஆரம்பித்தார்கள். ஒரு பள்ளிக்கூடத்துக்காரர்கள் கொடுத்து உதவிய இடம். லாபம் பார்க்காத அமைப்பு. நீஸி அங்கே சம்பளம் வாங்காமல் வேலை பார்த்தார். படுக்கை கிடையாது, பகலில் வந்து, வரைந்து, தைத்து, நடித்து, சாயங்காலம் வீட்டுக்குப் போகணும். ‘நோயாளி’ என்ற வார்த்தை கிடையாது. வெள்ளைக் கோட் கிடையாது. யார் டாக்டர், யார் சிகிச்சைக்கு வந்தவர், யார் உதவிக்கு வந்த ஸ்டூடன்ட் என்று புதுசாக வருகிறவருக்குச் சட்டென்று தெரியாது. ரொம்ப முக்கியமான ரூல்... கதவும் ஜன்னலும் திறந்தே இருக்கும்.

எனக்கு இந்தக் கதவு மேட்டர்தான் பிடிச்சது. நாம கவுன்சலிங் ரூமுக்குப் போகணும்னா என்ன பண்றோம்? யாராவது பார்க்கிறாங்களான்னு காரிடாரின் ரெண்டு பக்கமும் பார்த்துட்டு உள்ளே நுழையுறோம். திறந்த கதவு இருக்கிற, நாலு பேர் வரைஞ்சுட்டு இருக்கிற ரூமுக்குள்ள நுழைய அந்த பயம் இருக்காது. சும்மா வந்தேன்னு சொல்லிக்கலாம்!

அங்கே வந்துகொண்டிருந்த ஒருவர்தான், கையில் நூலும் துணியுமாகத் தான் செய்கிற வேலைக்கு ஒரு புதுப் பெயர் சொன்னார். ‘கையாளுவதில் வருகிற உணர்ச்சி’ என்கிற மாதிரி அர்த்தம் வரும். நீஸிக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், ‘தொழில்வழிச் சிகிச்சை’ என்ற ஆஸ்பத்திரிப் பெயருக்குப் பதிலாக அதையே பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார். டாக்டருக்குப் பெயர் வைத்துக் கொடுத்தது பேஷன்ட்!

நாய், பூனைகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. மருத்துவமனை வளாகத்தில் கிடந்த ஒரு நாய்க்குட்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை, யாரோடும் பேசாத ஒருவரிடம் கொடுத்துப் பார்த்தார். மனுஷங்ககிட்ட வராத அக்கறை அந்தக் குட்டிகிட்ட வந்தது. அதுங்களையும் ‘சக சிகிச்சையாளர்கள்’ லிஸ்ட்டில் சேர்த்துக்கொண்டார்.

பனைமர வீடு ஆரம்பித்து 45 வருஷம் கழித்து, 2001-ல், மனநோயாளிகளை அடைத்துவைப்பதைக் குறைத்து ஊருக்குள்ளேயே சிகிச்சை கொடுக்கணும் என்று பிரேசில் சட்டம் போட்டது. அதைப் பார்க்க நீஸி இல்லை. 1999-ல் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் கதையை 2015-ல் ரொபெர்ட்டோ பெர்லினெர் படமாக எடுத்தார். க்ளோரியா பிரெஸ் நீஸியாக நடித்திருக்கிறார். சப்டைட்டிலோடு கிடைத்தால் விடாதீங்க.

ரிசல்ட் எங்கே?

இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட் ஆச்சே... ‘டேட்டா காட்டு’ன்னு கேட்பீங்க. காட்டுறேன், கொஞ்சம் கசக்கும். பிரிட்டனில் ஸ்கிஸோஃப்ரீனியா உள்ள 417 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. வாரம் ஒருமுறை குழுவாக ஆர்ட் தெரபி, ஒரு வருஷத்துக்கு. 2012-ல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் ரிசல்ட் வந்தது. வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்டால் பெருசா வித்தியாசம் இல்லை! அந்த வகுப்புகளுக்கு நிறையப் பேர் சரியாக வரவே இல்லை என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது.

படித்ததும் எனக்கு முகம் தொங்கிப்போச்சு. அப்புறம் யோசித்தேன். வரைந்தால் நோய் போயிடும் என்று சொல்கிற யாரையும் நம்பாதீங்க. ரெண்டு நாள் வொர்க்‌ஷாப் முடிச்சுட்டு ‘தெரபிஸ்ட்’ போர்டு மாட்டுறவங்களையும்தான். எங்க படிச்சீங்க, யார்கிட்ட பயிற்சி எடுத்தீங்கன்னு கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு. படிக்கட்டு வரைந்தால் இந்த வியாதி, மரம் வரைந்தால் அந்த வியாதி என்று இன்டர்நெட்டில் சுத்துதே, அதை நான் நீஸியை வைத்தே மறுக்கிறேன். ஒத்தைப் படத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது, மாசக்கணக்கில் வரிசையாகப் பார்க்கணும் என்றுதான் அவர் சொன்னார். மாத்திரை வேணும்னா மாத்திரை. அது டாக்டர் வேலை. மாத்திரை செய்யாத ஒண்ணு இருக்கு. திரும்பிவர ஒரு இடம், எந்தக் கேள்வியும் கேட்காமல் பக்கத்தில் உட்கார ஒருத்தர். அந்த அறையில் விலை போட வேண்டியது அட்டைக்கும் கலருக்கும் மட்டும்தான்.

இன்னொண்ணு சீரியஸா சொல்லணும். உங்க ஃப்ரெண்ட் ‘நான் இல்லாம போயிட்டா நல்லாருக்கும்’ங்கிற மாதிரி பேசினா, பென்சிலைத் தேடாதீங்க. தனியா விடாதீங்க. 14416-க்கு அடிங்க. டெலி மானஸ்னு அரசாங்கம் 2022-ல் ஆரம்பிச்ச இலவச மனநல உதவி எண். தமிழ்லயே பேசலாம், ராத்திரி ரெண்டு மணிக்கும் எடுப்பாங்க. மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கு. அந்த 1,500 ரூபாய் அங்கே தேவைப்படாது.

என் ரூம்மேட்டும் அப்படி ஒரு அரசு மருத்துவமனைக்குத்தான் போனான். இந்த செமஸ்டர் திரும்பி வந்துட்டான். மாத்திரை சாப்பிடுறான், மாசம் ஒரு தடவை ஊருக்குப் போய் டாக்டரைப் பார்க்கிறான். மூணு அரியரில் ஒண்ணு க்ளியர், ரெண்டு பாக்கி.

வந்த முதல் வாரமே அவன்கிட்ட ஸாரி கேட்டேன். "எதுக்கு?"ன்னான். நோட்டு மேட்டரைச் சொன்னேன். "அடப்பாவி, அதை நீ இன்னும் ஞாபகம் வெச்சிருக்கியா?" என்றான். கொஞ்ச நேரம் கழிச்சு, "நானும்தான் வெச்சிருக்கேன்" என்றான்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க ரூம் கதவைத் திறந்து வைக்கிறோம். ஸ்டேஷனரி கடையில் வாங்கின சார்ட் அட்டை, ரெண்டு ஸ்கெட்ச் பாக்கெட், எல்லாம் சேர்த்து நூறு ரூபாய்க்குள்தான். இதுக்கு தெரபின்னு பேர் வைக்க எனக்குத் தகுதி கிடையாது, அதனால பேரே வைக்கலை. அவன் வரையுறான். நான் எதுவும் கேட்கிறதில்லை. போன வாரம் நான் மாடு வரைஞ்சேன். எட்டிப் பார்த்துட்டு, "இது என்னடா, பஸ் ஸ்டாண்டா?" என்றான். ரூமே சிரிச்சது.

பக்கத்து ரூம் பையன் ஒருத்தன் உள்ளே வந்து, பத்து நிமிஷம் சும்மா நின்னான். அப்புறம் பச்சை ஸ்கெட்ச்சை மட்டும் எடுத்துக்கிட்டுப் போனான். இன்னும் திருப்பித் தரலை.